மழை மேல பழியைப் போடாதீங்க!

டெல்லிப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் வந்தாச்சுன்னா தமிழ் வீடுகள்ல ஒரே புலம்பல்தான். "மழை வந்தா டி.வி. போயிடுதுங்க." மயூர் விஹார்ல கேட்டாலும் இதான், ஆர்.கே.புரத்துல கேட்டாலும் இதான். மெக்கானிக் வருவார், மாடிக்குப் போவார், "மழைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்"னு ஹிந்தியில சொல்லிட்டு விசிட்டிங் சார்ஜை வாங்கிட்டுக் கிளம்பிடுவார். நாமும் தலையாட்டிடுவோம். அடுத்த வாரம் மறுபடியும் 'சிக்னல் இல்லை'.

என்னைக் கேட்டா, மழை ஒரு சாக்குங்க. உண்மையான கோளாறு மாடியில எங்கேயோ இருக்கு. அதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

டி.வி.தானே, ரெண்டு நாள் இல்லேன்னா குடியா முழுகிடும்னு கேக்கலாம். நமக்கு முழுகாது. ஊர்லேர்ந்து வந்து தங்கியிருக்கிற அம்மாவையோ மாமியாரையோ நினைச்சுப் பாருங்க. நாம ரெண்டு பேரும் ஆபீஸ், பசங்க ஸ்கூல். அவங்களுக்கு ஹிந்தி தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட சிரிப்பும் கையசைப்பும்தான். காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அந்த வீட்டுல தமிழ் பேசுறது டி.வி. மட்டும்தான். அதுவும் போச்சுன்னா, மூணாம் நாள் "எனக்கு எப்போ டிக்கெட் போடப் போறே?"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க.

'அதான் மொபைல்ல எல்லாம் வருதே'ன்னு சொல்றவங்களுக்கு: ஓ.டி.பி. வர்றது நம்ம போனுக்கு. நாம இருக்கிறது மீட்டிங்ல. ரிமோட்ல மூணு நம்பரை அமுக்கினா வர்ற சேனலுக்கு எழுபது வயசுல ஈடே கிடையாது.

பழையபடி மாடியில ஆன்டெனா வெச்சா ஆகாதான்னா, ஆகாது. தூர்தர்ஷன் 2016ல டெல்லி, சென்னை உட்பட 16 நகரங்கள்ல தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை ஆரம்பிச்சது. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை ஒரு சில இடங்கள் தவிர 2022 மார்ச்சோட மூடிட்டாங்க. டெல்லி டவர்லேர்ந்து தமிழ் சீரியலை எதிர்பார்க்க முடியாது. கேபிள்காரர் தமிழ் கொடுக்கிற காலனியில இருந்தா உங்க அதிர்ஷ்டம். மத்தவங்களுக்கு டிஷ்தான் கதி. மாசக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ல டிடி தமிழ் (2024 ஜனவரிக்கு முன்னால பொதிகை) வருது. காசு கட்டுற டி.டி.எச்.ல, 2019லேர்ந்து வேணுங்கிற சேனலைத் தனித்தனியாவே எடுத்துக்கலாம். டெல்லியில இருக்கோம்னு ஹிந்தி பேக் மட்டும்தான் எடுக்கணும்னு இல்ல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. டி.டி.எச். அலையோட நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அதனால கொட்டுற மழையில சிக்னல் அடிபடுறது நிஜம். ஆனா அந்தப் பாதிப்பு பெருமழை ஓயுற வரைக்கும்தான். வேகம் குறைஞ்சதும் படம் தானா வரணும். தூறலுக்கே போகுது, இல்ல மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் வரலைன்னா மழை குத்தவாளி இல்ல.

இன்னொண்ணு. அந்தக் காலத்து டி.வி.யில சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியாத் தெரியும், ஆனாலும் படம் பார்க்கலாம். டிஜிட்டல்ல அந்த சமாச்சாரமே கிடையாது. ஒரு அளவு வரைக்கும் பளிச்னு இருக்கும், அதுக்குக் கீழே போனா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். அதாவது, உங்க டிஷ் ஏற்கெனவே விளிம்புல நின்னுட்டிருக்கலாம். வெயில் காலத்துல நல்லா தெரிஞ்சதே அதை மறைச்சிடும். முதல் மழை லேசாத் தட்டிவிடும், அவ்வளவுதான்.

அதனால என்ன செய்யலாம்?

1. முதல்ல திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 'சந்தா இல்லை' மாதிரி வந்தா அது ரீசார்ஜ் பிரச்னை. 'சிக்னல் இல்லை'ன்னு வந்தாதான் மாடிக்குப் போகணும். ஒரே ஒரு சேனல் மட்டும் காணோம்னா ரீ-டியூன் பண்ணிப் பாருங்க.

2. செட்டாப் பாக்ஸ் மெனுவுல சிக்னல் பக்கம் ஒண்ணு இருக்கும். அதுல ஸ்ட்ரெங்த், குவாலிட்டின்னு ரெண்டு அளவு. ஸ்ட்ரெங்த் நிறைய இருக்கேன்னு ஏமாறாதீங்க. டிஷ் தப்பான பக்கம் திரும்பியிருந்தாலும் அது ஓரளவு காட்டும். முக்கியமானது குவாலிட்டி. நல்ல வெயில் நாள்ல ரெண்டையும் குறிச்சு பாக்ஸ் மேல ஒட்டி வெச்சுடுங்க. கோளாறு வந்த அன்னைக்கு அந்தச் சீட்டு ரொம்ப உதவும்.

3. ஸ்ட்ரெங்த் நல்லா இருந்து குவாலிட்டி குறைஞ்சிருந்தா டிஷ் அசைஞ்சிருக்கலாம், இல்ல எதிர்ல ஏதோ மறைக்குது. மே, ஜூன்ல அடிக்கிற புழுதிக்காத்து போல்ட்டைத் தளர்த்திடும். குரங்கு வந்து தொங்கும். பெயின்ட் அடிக்கிறவர் 'கொஞ்சம் நகர்த்தினேன்'பார். அந்தக் கொஞ்சம் போதும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி பட்ட மாஞ்சாவும் சிக்கும். போன வருஷம் குட்டையா இருந்த வேப்பமரம் இந்த வருஷம் குறுக்கே வந்திருக்கலாம். நனைஞ்ச இலை நல்லாவே சிக்னலை மறைக்கும்.

4. ரெண்டுமே விழுந்திருந்தா கேபிளையும் எல்.என்.பி.யையும் பாருங்க. எல்.என்.பி. மூடி வெயில்ல வெடிச்சிருக்கும். கனெக்டருக்குள்ள தண்ணி இறங்கி செம்பு பச்சை பிடிச்சிருக்கும். நடுவுல முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் இருந்தா அதான் முதல் சந்தேகம். ஜாயின்ட் இல்லாத புதுக் கேபிளும் ரெண்டு கனெக்டரும் ஒரு புது பாக்ஸை விட ரொம்ப மலிவு.

5. பாதி சேனல் வருது, பாதி வரலைன்னா உடனே பாக்ஸை மாத்தாதீங்க. எல்.என்.பி.க்கு பாக்ஸ்தான் கேபிள் வழியா கரண்ட் அனுப்புது. பல சர்வீஸ்கள்ல அந்த வோல்டேஜ் 13ஆ 18ஆங்கிறதை வெச்சுதான் சேனல் பிரியுது. கேபிள் கெட்டா 18 போய்ச் சேராது. பாதி சேனல் காணாமப் போகும்.

மாடி விளிம்புல இருக்கிற டிஷ்ஷை நீங்களே ஏறித் திருப்பாதீங்க. இடி இடிக்கும்போது மாடிப் பக்கமே போகாதீங்க. பார்க்கிறது, குறிக்கிறது நம்ம வேலை. திருப்புறது மெக்கானிக் வேலை. ஆனா அவர் திருப்பும்போது, கீழே நாம குவாலிட்டி நம்பரைப் பார்த்துப் போன்ல சொல்லணும். பழைய நம்பர் வராம காசு கொடுக்காதீங்க.

வீடு மாத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லியிலேர்ந்து பார்த்தா ஃப்ரீ டிஷ் வர்ற சாட்டிலைட் (கிழக்கு 93.5 டிகிரி) தென்கிழக்குல, அண்ணாந்து பார்த்தா 52 டிகிரி வாக்குல இருக்கு. வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் இருக்கிற வீட்டுல டிஷ் வைக்க மொட்டை மாடியை விட்டா வழியில்ல. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, மாடியில டிஷ் வைக்க விடுவாங்களான்னு ஓனரையும் சொசைட்டியையும் கேட்டுடுங்க. தண்ணி வருமான்னு கேக்கிறோமில்ல, அதே மாதிரி இதையும் கேக்கலாம். நாலஞ்சு தமிழ்க் குடும்பம் ஒரே பில்டிங்ல இருந்தா, ஒரே டிஷ்லேர்ந்து எல்லா வீட்டுக்கும் இழுக்கிற ஏற்பாட்டை சொசைட்டிகிட்ட கேக்கிறது இன்னும் உத்தமம்.

பசங்க வீட்டுக்கு வெளியே ஹிந்தியும் இங்கிலீஷும் நிறையவே கேக்குறாங்க. பாட்டி பக்கத்துல உக்காந்து சீரியல் பார்த்து, "இவ ஏன் இப்படி அழறா?"ன்னு தமிழ்ல கேக்கிற அரை மணி நேரமும் ஒரு தமிழ் வகுப்புதாங்க. அதை ஒரு பச்சை பிடிச்ச கனெக்டர் கெடுக்க விடலாமா?

அடுத்த தடவை யாராவது 'மழை சார்'னு சொன்னா, "குவாலிட்டி எவ்வளவு காட்டுது?"ன்னு திருப்பிக் கேளுங்க. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி பேர் மாடிக்கு ஏறிடுவாங்க :-)

டிஸ்கி: இது டெல்லி நிலவரம். மும்பை, புனே, கொல்கத்தா மக்களே, உங்க ஊர்ல குரங்குக்குப் பதிலா என்ன தொல்லைன்னு சொல்லிட்டுப் போங்க.