வட்டிக்கு வட்டி வழக்கும் நம் நாளிதழ்களும்

தமிழ் நாளிதழ்களின் மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையத்திலிருந்து, உங்கள் வாசகர்களில் ஒருவராக எழுதுகிறேன். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் கால் சதவீதம் மாற்றினாலும் மறுநாளே விரிவாகத் தருகிறீர்கள், நன்றி. அதே வங்கியின் முடிவை எதிர்த்து ஒருவர் நீதிமன்றப் படியேறினால், அந்த வழக்கு மட்டும் ஏன் எங்கள் ஊர்வரை வந்து சேர்வதில்லை?

2020 மார்ச் 27 அன்று கடன் தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. மூன்று மாதம் என்று தொடங்கி ஆகஸ்ட் 31 வரை நீண்டது அந்தச் சலுகை. மரக்காணம் உப்பளங்களில் அது உப்பு வாரும் பருவம், கூடவே ஊரடங்கு. குழுக் கடன் வாங்கியிருந்த பெண்களுக்கு அந்த அறிவிப்பு பெரிய ஆறுதல். தள்ளிப்போன மாதங்களின் வட்டிக்கும் வட்டி ஏறும் என்பது பலருக்குத் தெரியாது.

அதை எதிர்த்து வழக்குகள் போயின. கடன் தொகை எவ்வளவாக இருந்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது, வசூலித்திருந்தால் திருப்பித் தரவோ அடுத்த தவணையில் கழிக்கவோ வேண்டும் என்று 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணையைத் தள்ளிவைக்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்று ஏப்ரல் 7 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. முந்தைய நாள்தான் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. வாக்குச் சதவீதப் பேச்சுக்கு நடுவே அந்தச் சுற்றறிக்கையை யார் தேடிப் படிப்பார்கள்? தீர்ப்பை வெளியிட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்புக்கில் எந்த வரியைப் பார்ப்பது, மேலாளரிடம் என்ன கேட்பது என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இன்னொரு வழக்கு இதைவிட ஓசையில்லாதது. வங்கிகளில் நடத்திய ஆய்வு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தர மறுத்த ரிசர்வ் வங்கியின் வாதத்தை, 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எம். ஒய். இக்பால், சி. நாகப்பன் அமர்வு நிராகரித்தது. தனி வங்கிகளின் நலனைவிடப் பொதுநலனே ரிசர்வ் வங்கியின் கடமை என்றது. பிறகு அந்த அறிக்கைகளை வெளியிடுவதை எதிர்த்து வங்கிகளே நீதிமன்றம் போயின. அவற்றின் மனுக்களைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2022 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் தொடும் வழக்கு இது. டீக்கடையில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் சிரமம் புரிகிறது. இவ்வழக்குகளில் வாய்தாவே மிகுதி. படம் போட முகம் கிடையாது. நீதிமன்றச் செய்தியாளருக்கு இது வணிகச் செய்தி, வணிகப் பக்கத்தாருக்குச் சட்டச் செய்தி. பணமதிப்பிழப்பு வழக்கு 2016 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வுக்குப் போய், 2023 ஜனவரி 2 அன்றுதான் தீர்ப்பானது. இடையில் அந்த ஆறு ஆண்டு மௌனமும் செய்திதான் என்பது என் எண்ணம். வாசகருக்குப் புரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தண்டலும் கந்துவட்டியும் கண்ட பெண்களுக்கா வட்டிக் கணக்கு புரியாது?

ரிசர்வ் வங்கி மீதான அடுத்த வழக்கு விசாரணைக்கு வரும்போது, மனுதாரர் என்ன கேட்டார், வங்கி என்ன பதில் சொன்னது, வாய்தா எந்தத் தேதிக்கு என்பதை மாவட்டப் பக்கத்தில் நாலு வரியாவது போடுங்கள். தீர்ப்பு வந்தால், கடன் வாங்கியவர் செய்ய வேண்டியதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
குயிலாப்பாளையம் வாசகர் ஒருவர்