வீட்டை அடகு வைத்தவர்

போன கிழமை பேஸ்மென்றைத் துப்புரவாக்கும்போது ஒரு பெட்டிக்குள் ஐந்து கசெற்றுகள் அகப்பட்டன. ஐந்திலும் ஒரே பாட்டு: மகள் 11 வயதில் பாடியது. அந்த நாளில் ஆறு பிரதி எடுத்து, இங்கே எங்கள் தமிழ்க் கலைநிகழ்ச்சிகளை நடத்துகிற ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்தேன். "கேட்டுப்போட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மொன்றியலில் கசெற் என்றால் பிரபலமான கதை ஒன்று உண்டு. 1981. பக்கத்து ஊரான சார்ல்மாஞ்சில் ஒரு வீட்டின் 14 பிள்ளைகளில் கடைக்குட்டி செலின் டியோன். வயது 12. தாயும் ஓர் அண்ணனும் சேர்ந்து எழுதிய பாட்டை அவள் பாட, அந்தக் கசெற்றைச் சிவப்பு நாடாவால் கட்டி, பாடகர்களின் முகாமையாளரான றெனே ஆன்ஜெலிலுக்கு அனுப்பினார்கள். அவரும் உடனே கேட்கவில்லைத்தான். ஆனால் இன்னோர் அண்ணன் மிஷெல் விட்டாரா? தொலைபேசியில் பிடித்துக் கேட்க வைத்தார்.

ஆன்ஜெலில் பிள்ளையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மைக்குக்குப் பதில் ஒரு பேனாவைக் கையில் கொடுத்துப் பாடச் சொன்னார். கேட்டு அழுதுவிட்டார் என்பார்கள். அழுவது பெரிய விஷயமா? எங்கள் மண்டபங்களிலும் முன்வரிசை அழும். முதல் இசைத்தட்டுக்குத் தன் வீட்டையே அடகு வைத்தாரே, அதைச் சொல்லுங்கள். அதுவும் அவர் முகாமை செய்துவந்த பாடகி ஜினெட் றெனோ விலகிப்போய், கை வெறுமையாக நின்ற நேரத்தில்.

1960களில் லே பரோனே குழுவில் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பிரெஞ்சில் பாடித் திரிந்தவர் ஆன்ஜெலில். சூதாட்ட மேசையும் பழக்கம். ஆனால் இந்த ஆட்டத்தில் அவர் அவசரப்படவே இல்லை. 80களின் நடுவில், கியூபெக்கே கொண்டாடிய பிள்ளையை ஒன்றரை வருடம் மேடையேற்றாமல் வைத்திருந்தார். பல், முடி, உடை எல்லாம் மாறின. 1988 இல் டப்ளினில் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றார் செலின். முதல் ஆங்கில ஆல்பம் 1990 இல்தான்.

எங்கள் ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. சென்னையிலிருந்து பாடகரைக் கூப்பிட்டால் விமானச் சீட்டு, மண்டப வாடகை, விசா அலைச்சல். போட்ட காசு ஓர் இரவுக்குள் திரும்ப வேண்டும். உள்ளூர்ப் பிள்ளை, நட்சத்திரம் வந்து சேரும்வரை சபையைச் சமாளிக்கத்தான்.

ஆன்ஜெலிலையும் முழுதாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. அவர் செலினைவிட 26 வயது மூத்தவர். 1994 டிசம்பரில் மொன்றியல் நோத்ருடாம் பேராலயத்தில் இருவருக்கும் கலியாணம். 12 வயதில் பேனா கொடுத்தவரே மாப்பிள்ளை என்பது, பெண்பிள்ளை பெற்ற எனக்கு இன்றும் நெருடுகிறது. 2016 ஜனவரியில் அதே பேராலயத்தில்தான் அவருடைய இறுதிச் சடங்கும் அரச மரியாதையோடு நடந்தது.

மகளுக்கு இப்போது சொந்த வீடு, அதற்கு அடகுக் கடன். கசெற்றுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"ஏனப்பா ஒராளிட்டை மட்டும் குடுத்தனீங்கள்?"