தொலைக்காட்சி செய்யும் இடைச்செருகல்

சங்கப்பாடல் ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. எந்தச் சுவடி, யார் பதிப்பு, ஏன் இந்தப் பாடம் என்று பக்கம் பக்கமாக மல்லுக்கு நிற்கிறோம். அதே நாம், வீட்டுக் கணினியை உயர்துல்லியத் தொலைக்காட்சியோடு இணைத்து ஒரு திரைப்படத்தைப் பார்க்க அமரும்போது, அந்தத் தொலைக்காட்சி படத்தின் ஓரங்களை வெட்டி, முகங்களை அகலப்படுத்தி, எவரும் எடுக்காத சட்டகங்களை இடையே நுழைத்துத் தருவதை வாய்மூடி ஏற்றுக்கொள்கிறோம். இதைக் கம்பியும் பொத்தானும் பற்றிய சில்லறை விவகாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. பாடத்தின் தூய்மை பற்றிய விவகாரம் இது.

முதலில் வெட்டு. ஓவர்ஸ்கேன் என்பது இதன் பெயர். படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில், எலக்ட்ரான் கற்றை வரையும் படத்தின் விளிம்பு ஒரு நிலையில் நிற்காது. ஆகவே படத்தைச் சற்றுப் பெரிதாக வரைந்து, தடுமாறும் ஓரத்தைப் பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். அன்றைக்கு அது நியாயம். இன்றைய தட்டைத் திரையில் கற்றையும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று படப்புள்ளிகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. கணினியும் அதே எண்ணிக்கையில்தான் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே படத்தை அனுப்புகிறது. ஒன்றுக்கு ஒன்றாக வைத்தால் வேலை முடிந்தது. ஆயினும் இன்றும் பல தொலைக்காட்சிகள் கடையிலிருந்து வந்த நிலையில் பழைய வெட்டையே தொடர்கின்றன. ஓரத்துக்கு 2.5 சதவீதம் என்று கொண்டாலும், இடத்திலும் வலத்திலும் 48 நெடுவரிசைகள், மேலும் கீழும் 27 வரிகள் பறிபோகின்றன. மீந்ததை இழுத்துத் திரையை நிரப்புவதால் மீந்ததும் மங்குகிறது. சிறிய எழுத்தில் தமிழ் படிப்பவருக்கு இந்த மங்கல் வெறும் கண்ணுறுத்தல் அன்று. புள்ளி கரைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும் மொழி நம்முடையது.

அடுத்தது நீட்டல். 4:3 வடிவில் வரும் பழைய படத்தை 16:9 திரைக்கு நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மெலிந்தவர் பருத்துவிடுகிறார், வட்டமான நிலா நீள்வட்டமாகிறது. நீட்டாமல் பெரிதாக்கினாலோ உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தமிழ்த் திரை முழுவதும் இந்த வன்முறைக்கு உட்பட்டது என்று கருதினால் இழப்பின் அளவு விளங்கும்.

மூன்றாவதுதான் கொடியது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சியோ, அசைவை வழுவழுப்பாக்குகிறேன் என்று, இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இருந்திருக்கக்கூடியதைத் தானே கணித்துப் புதுச் சட்டகங்களைச் செருகுகிறது. தமிழில் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: இடைச்செருகல். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், சிதைந்த பாடல்களைச் சிதைந்தவாறே தந்தார். கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. இரண்டு பாடல் எழுதி அங்கே நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று? அந்த அடக்கம் ஒரு திரைக்கு வேண்டாமா?

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளியானது. அதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஓர் ஆய்வகத் தீ விபத்தில் கருகிப்போயிற்று. எரிந்து சுருண்ட அந்தப் படச்சுருளை இத்தாலியின் போலோன்யாவில் வல்லுநர்கள் பதப்படுத்தி, ஒட்டி, சட்டகம் சட்டகமாக மீட்டார்கள். 2015இல் அது மறுபடியும் திரைக்கு வந்தது. தீயிலிருந்து மீண்ட சட்டகத்தின் ஓரத்தை நம் வீட்டுக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி வெட்டி எறிகிறது. முதன்முறையாக ராயைப் பார்க்கும் மாணவர், துர்காவின் முகமே அவ்வளவு அகலம் என்று எண்ணிக்கொள்கிறார். மூலத்தை அறியாதவருக்குத் திரிபே மூலம்.

இதற்கு ஒரு மறுப்பு தயாராக இருக்கிறது: முழுத்திரைக்குக் காசு கொடுத்துவிட்டு இருபுறமும் கருப்புப் பட்டையைப் பார்ப்பதா? வெண்பாவின் ஈற்றடி முச்சீர். மற்ற அடிகளைப் போல் நாற்சீர் இல்லையே, இடம் வீணாகிறதே என்று எவரேனும் ஒரு சீரைக் கூட்டி அச்சிட்டதுண்டா? அப்படிச் செய்தவரைப் பதிப்பாசிரியர் என்போமா? வெற்றிடமும் வடிவத்தின் பகுதி. அது கண்ணை உறுத்துமானால் பழக வேண்டியது கண்தான்.

திரைத்துறையினரே இதை எதிர்க்காமல் இல்லை. அசைவு வழுவழுப்பை அணைத்துவிடுங்கள் என்று 2018இல் நடிகர் டாம் குரூஸ் வெளிப்படையாக வேண்டினார். 2019இல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்னும் அமைப்பு அறிவிக்கப்பட்டது. படைத்தவர் கொடுத்த வடிவையும் வேகத்தையும் அது அப்படியே விடும். வரவேற்கத்தக்கதே. ஆனால் மூலபாடம் விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும் தனிச் சலுகையாகவும், திரிபாடம் எல்லோருக்குமான பொது வழக்காகவும் இருப்பது என்ன முறை? மாற்றம் வேண்டுபவர் பொத்தானைத் தேடட்டும். உண்மை முன்னிருப்பாக இருக்கட்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். கணினியை இணைத்ததும், கம்பி செருகிய நுழைவாயிலுக்குத் தொலைக்காட்சியின் பட்டியலில் 'பி.சி.' என்று பெயரிடலாம். பல பெட்டிகளில் பாதித் தொல்லை அதிலேயே தீரும். படஅளவுப் பகுதியில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என நிறுவனத்துக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும் ஒன்றுக்கு ஒன்று முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அசைவு வழுவழுப்பையும் மிகைக் கூர்மையையும் அணைக்கலாம். கணினித் திரையின் நான்கு மூலைகளும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே படத்தைத் தொடங்கலாம். ஐந்து நிமிட வேலை. கல்லூரிகளிலும் திரைப்படக் கழகங்களிலும் படம் காட்டுவோர் இதைச் செய்யாமல் விளக்கை அணைப்பது, பிழை திருத்தாத நூலை மாணவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.