கட்டிய கைக்கு எத்தனை நாள் பிடி?

பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி கைக்கு வரும்வரை திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள நகைத்தொழிலாளிக்கு உரிமை உண்டு. கல்கத்தா இந்தியாவின் தலைநகராக இருந்த காலத்தில் பிறந்த 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு இந்த வைரத்தையே உதாரணமாகக் காட்டுகிறது. அடுத்த உதாரணம் தையற்காரர். மூன்று மாதக் கடனுக்குக் கோட்டு தைத்துத் தர அவர் ஒப்புக்கொண்டிருந்தால், அதைப் பிடித்துவைக்க முடியாது. கொத்தனார் அங்கே எங்கும் இல்லை. கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளுக்குத்தான் அந்தப் பிரிவு. ஐந்து மாடிக் கட்டடத்தை யார் கையில் வைத்துக்கொள்ள முடியும்?

கொல்கத்தாவில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் நடந்துபோனால், பச்சை ஜன்னல் வைத்த பழைய வீடுகள் இடிபடுவதைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் நிலத்தைக் கொடுப்பார், ‘புரமோட்டர்’ கட்டுவார், ஃபிளாட்டுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். கட்டுகிறவர்களில் பலர் முர்ஷிதாபாத், மால்தா, சுந்தரவனப் பக்கத்து ஊர்க்காரர்கள். சர்தார் ஒருவர் ஆட்களைச் சேர்த்து அழைத்து வருவார். வாரா வாரம் கிடைப்பது ‘கொராக்கி’, அதாவது சாப்பாட்டுச் செலவுக்கான காசு. முழுக் கணக்கு வேலை முடிந்த பிறகுதான். ஆக இங்கே எல்லா வேலையும் கடனுக்குத்தான் நடக்கிறது. அந்தக் கணக்கு முடியாமலே புரமோட்டர் அடுத்த மனைக்குப் போய்விட்டால்?

வழக்குப் போடலாம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பணம் தரும் நாள் பேசி முடிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. அஸ்திவாரம் போட்ட சர்தாரின் வேலை முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். மேல்மாடிகள் எழும்ப நான்கு வருடம் ஆனால், முதல் குடும்பம் குடிவரும் முன்பே அவருடைய உரிமை செத்துப்போகும். “ஃபிளாட் விற்றதும் தருகிறேன்” என்ற வாய்ப்பேச்சை நம்பிக் காத்திருந்ததுதான் அவர் செய்த குற்றம். இது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

சொத்து மாற்றுச் சட்டத்தையும் பாருங்கள். நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு முழுப் பணம் வாங்காதவருக்கு, அந்த நிலத்தின் மீதே பாத்தியதை உண்டு. முன்பணம் கொடுத்து ஏமாந்த வாங்குபவருக்கும் உண்டு. அதை நிலைநாட்ட 12 ஆண்டு அவகாசம். அதே மண்ணின் மீது செங்கல் அடுக்கியவருக்கோ வெறும் மூன்று ஆண்டு, அதுவும் ஆள் மீது மட்டும். கட்டடத்தின் மீது ஒரு அங்குலப் பிடியும் இல்லை. தொழிலாளர் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பாக்கிக் கூலி கேட்கும் காலத்தை மூன்று ஆண்டாக நீட்டியது நல்லதுதான். ஆனால் சர்தாரைப் புரமோட்டர் கூலியாளாகக் காட்டுவதில்லை, ‘டிகாதார்’, அதாவது ஒப்பந்தக்காரர் என்றே காட்டுகிறார்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1791-லேயே, வாஷிங்டன் நகரம் எழும்பிக்கொண்டிருந்தபோது, கட்டியவருக்குக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை கொடுத்தது. இன்று அந்த நாட்டில் எல்லா மாநிலங்களிலும் அது உண்டு. ஆயுள்தான் குறைவு. கலிபோர்னியாவில் பதிவு செய்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். நியூயார்க்கில் ஓராண்டு. இந்தச் சுருக்கத்தில் நியாயம் இருக்கிறது. இருபது வருடத் தவணையில் ஃபிளாட் வாங்கிய ஆசிரியையின் வீட்டுக் கதவை, யாரோ கொடுக்காத கூலிக்காகப் பத்து வருடம் கழித்துத் தட்டக் கூடாது.

மூன்று ஆண்டு வெறும் உரிமையைவிட ஓராண்டு உறுதியான பிடி மேல் என்பேன். அந்தப் பிடி சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கமாக ஏற வேண்டும். பதிவில் தெரியாத சுமை, விவரம் அறியாமல் காசு கொடுத்து வாங்கியவரைக் கட்டாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு இப்போதும் அதைத்தான் சொல்கிறது. பிடியும் புரமோட்டர் கையில் விற்காமல் இருக்கும் ஃபிளாட்டுகள் மீதுதான் விழ வேண்டும். விற்றுப்போனவற்றைத் தொடக் கூடாது.

ஓராண்டைவிட முக்கியம், அது எந்த நாளில் தொடங்குகிறது என்பது. அஸ்திவாரக்காரருக்கும் வர்ணம் பூசுபவருக்கும் ஒரே நாளில், முழுக் கட்டடமும் முடிந்த நாளில் தொடங்கட்டும். மாநகராட்சியின் நிறைவுச் சான்றிதழ் வந்த நாளை வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்த ஊரில் அது போதாது. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில், கட்டிக்கொண்டிருந்த அனுமதியில்லாத ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மீது சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு எந்தக் காலத்திலும் சான்றிதழ் வரப்போவதில்லை. அங்கே வேலை செய்தவருக்கும் கூலி கூலிதானே? சான்றிதழோ, சிஇஎஸ்சி மின் நிறுவனத்தின் மீட்டரோ, முதல் குடித்தனமோ, எது முதலில் வருகிறதோ அதிலிருந்து எண்ணலாம்.

சட்டம் வரும்வரை காலக்கெடுவை நீட்டிக்கொள்ள சர்தார்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று ஆண்டு கழியும் முன், பாக்கி இவ்வளவு என்று எழுதிப் புரமோட்டர் கையெழுத்துப் போட்டால், காலக்கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். எழுத்தில்லாமல் இடையில் நீட்டிய ரொக்கம் ஒரு நாளைக்கூட நீட்டித்துத் தராது. பூஜைக்கு முன் ஊருக்குப் போகும் செலவுக்கு ஏதாவது கொடுப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் நோட்டை நீட்டி, பாக்கித் தொகைக்குக் கீழே ஒரு கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்க வேண்டும்.