விழுங்கிவிட்டால் போதுமா?

உடலுக்குள் நுழையும் கிருமிகளை இரத்த வெள்ளணுக்கள் விழுங்கிச் செரித்துவிடும் என்று படித்திருப்பீர்கள். பாடமும் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் எல்லாக் கிருமிகளும் அவ்வளவு எளிதில் செரிப்பதில்லை. பூஞ்சைகளைப் பாருங்கள்.

வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்ற கொள்கையை வகுத்தவர் ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். 1884-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுப் பூச்சியைத் தாக்கும் பூஞ்சையைப் பற்றியதுதான். அப்பூச்சியின் உடல் கண்ணாடிபோல் ஒளி புகக்கூடியது. ஊசி போன்ற பூஞ்சை வித்துகளை அதன் உயிரணுக்கள் சூழ்ந்து அழிப்பதை நுண்ணோக்கியில் அவர் கண்டார். சில வித்துகள் தப்பி முளைத்துப் பெருகியதையும், அப்போது பூச்சி மடிந்ததையும் கண்டார். முதற்கதையை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம்!

பூஞ்சைகள் எப்படித் தப்புகின்றன? புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸ், மூச்சுக்காற்றுடன் நுரையீரலை அடைகிறது. சர்க்கரைப் பொருளாலான தடித்த உறை அதற்குக் கவசம். அதையும் மீறி விழுங்கப்பட்டால், அணுவுக்குள்ளேயே அமிலச் சூழலைத் தாங்கிப் பெருகுகிறது. பிறகு, தன்னை விழுங்கிய அணுவைக் கொல்லாமலே வெளியேறியும் விடுகிறது. இவ்விந்தை 2006-இல் தெரியவந்தது. நம் வாயிலும் குடலிலும் இயல்பாக வாழும் கேண்டிடாவின் தந்திரம் வேறு. விழுங்கப்பட்டதும் இழைபோல் நீண்டு, அணுவைத் துளைத்து வெளிவருகிறது.

உடல்நலமுள்ளவரிடம் இப்போரில் பெரும்பாலும் வெள்ளணுக்களே வெல்கின்றன. எனவே அவற்றின் வலிமையைக் காப்பதே நம் முதற்கடமை. நாமோ பல வேளைகளில் நேர்மாறாக நடக்கிறோம். படர்தாமரை வந்தால், மருத்துவரிடம் காட்டாமல் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசுகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பும் சிவப்பும் சட்டென்று அடங்கும். நோய் தீர்ந்தது என்று மகிழ்வோம். உண்மையில் அடங்கியது பூஞ்சை அன்று, நம் காவற்படை! அது ஓய்ந்திருக்கும் வேளையில் பூஞ்சை பரவுகிறது. ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அதன் அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 2021-இல் கொரோனாவை அடுத்துப் பரவிய கருப்புப் பூஞ்சை நோய், கட்டுப்படாத நீரிழிவும் மிகையான ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது.

பூஞ்சையின் உயிரணு பல வகையில் நம் உயிரணுவைப் போன்றது. ஆகவே, நமக்குத் தீங்கின்றி அதை மட்டும் கொல்லும் மருந்து காண்பது கடினம். மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி எதுவும் இன்னும் புழக்கத்திற்கு வரவில்லை. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆபத்தான 19 பூஞ்சை வகைகளைப் பட்டியலிட்டு, ஆய்வு பெருக வேண்டும் என்று வலியுறுத்தியது.

ரொட்டியில் பூக்கும் பூஞ்சையை வரைந்து பாகம் குறிப்பதோடு நம் பாடம் நின்றுவிடலாகாது. விழுங்கப்பட்ட பின் என்ன நடக்கிறது என்பதையும் வகுப்பில் கற்பிக்க வேண்டும். அதுவரை நீங்களே உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்!