ஐ7-னு சொன்னா உடனே காசை நீட்டாதீங்க!

சமீபத்துல ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். முடிஞ்சதும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருத்தர் ஓரமா கூப்பிட்டார். "சார், பார்ட் டைம் வேலை பார்த்து எட்டு மாசமா சேர்த்த காசு. ஐ7 போட்ட கேமிங் பிசி, சல்லிசு விலைன்னாங்க. வாங்கிட்டேன். புது கேம் எதுவும் உருப்படியா ஓட மாட்டேங்குது" என்றார். பிராசசர் பெயரைப் பார்த்தேன். ஐ7 தான். ஆனா, ஐ7-2600. 2011-ல் வந்த சரக்கு!

விற்றவர் பொய் சொல்லலை. முழு உண்மையையும் சொல்லலை.

எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. 2003-ல் கிகாஹெர்ட்ஸ் எண் பெருசா இருந்தா கேம் பறக்கும்னு நம்பி, இருந்த காசையெல்லாம் பிராசசர்ல கொட்டினேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் காசில்லை. 'வைஸ் சிட்டி' போட்டா பைக் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. அன்னைக்கு கிகாஹெர்ட்ஸ், இன்னைக்கு ஐ7. ஏமாறுற இடம் மாறவே இல்லை!

நம்பரைப் படிங்க

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள்ளே அண்ணன் தம்பி வரிசை. அவ்வளவுதான். எந்தத் தலைமுறைன்னு பின்னாடி வர்ற எண் சொல்லும். 2600-ன்னா 2-ஆம் தலைமுறை. 12100-ன்னா 12. அந்த ஐ7-2600-க்கு 4 கோர், 8 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே 4 கோர், 8 த்ரெட். ஆனா ஒவ்வொரு கோரும் செய்யற வேலை எக்கச்சக்கமா கூடிட்டதால, இந்தக் குட்டித் தம்பி அந்தப் பெரியண்ணனை அசால்ட்டா முந்திடும். இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அந்தப் பழைய பிராசசருக்குத் தர்றதில்லை.

பரோட்டா கடை கணக்கு

மாவு உருட்டித் தர்ற ஆள்தான் பிராசசர். கல்லுல போட்டு எடுக்குற மாஸ்டர் கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிக்குறான், குண்டு எங்கே படுதுன்னு கணக்குப் போட்டுத் தர்றது பிராசசர். அதைப் படமா வரையறது கார்டு. நொடிக்கு 60 ஃபிரேம் வேணும்னா, ஒரு படத்தை 17 மில்லி செகண்டுக்குள்ளே முடிச்சாகணும். கல்லு சின்னதா இருந்தா, உருண்டை எவ்வளவு வேகமா வந்தாலும் தட்டுலதான் குவியும். அதனால பட்ஜெட் இடிக்கும்போது பிராசசர்ல ஒரு படி இறங்கி, அந்தக் காசைக் கார்டுல போடுங்க. கார்டு விலையில பாதிக்கு மேலே பிராசசருக்குப் போகக் கூடாதுங்கிறது என் கணக்கு.

ஒரு விதிவிலக்கு. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்களை நொடிக்கு 144 ஃபிரேமுக்கு மேல ஆடணும்னா, பிராசசருக்குத்தான் வேலை அதிகம். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏற்கெனவே பிசி இருக்கா? கேம்ல ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. ஃபிரேம் எகிறினா கார்டுதான் தடை. அசையவே இல்லைன்னா பெரும்பாலும் பிராசசர்தான் மூச்சு வாங்குது.

எதை வாங்கலாம்?

கார்டு வாங்க இப்போ காசில்லையா? ரைசன் 5 5600ஜி பாருங்க. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. ஆனா அது ராமைப் பங்கு போட்டுக்கும். அதனால 16 ஜிபி-யை ஒரே குச்சியா போடாம, 8+8-ஆ போடுங்க. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கார்டோட சேர்த்து வாங்குறீங்களா? ரொம்ப டைட்டுன்னா ஐ3-12100எஃப். கொஞ்சம் நீட்ட முடிஞ்சா 6 கோர், 12 த்ரெட் இருக்குற ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600.

நாலஞ்சு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்தணும்னா ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டோட ரைசன் 5 7600. ஆனா இதுக்கு டிடிஆர்5 ராம்தான் போட முடியும். 2025 கடைசியில ராம் விலை ஏறின ஏத்தம் தெரியும்ல? மூணையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க.

உஷார்! பெயர் 'எஃப்'-ல முடிஞ்சா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாம ஆன் பண்ணினா ஃபேன் சுத்தும், திரை கறுப்பாவே இருக்கும். அப்புறம், 'ட்ரே' பீஸ்னு தனியா தருவாங்க. வேண்டாம். சீல் உடைக்காத பெட்டியோட, பில்லோட வாங்குங்க. மேலே சொன்ன எல்லாத்துக்கும் பெட்டிக்குள்ளேயே கூலர் உண்டு. ரிச்சி தெருவோ, உங்க ஊர் கடையோ, மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க. அதுல முழு மாடல் நம்பர் இருக்கணும். வெறும் 'ஐ7'னு எழுதினா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க!

அந்தத் தம்பிகிட்ட என்ன சொன்னேன்னு கேட்கறீங்களா? "கேபினெட், எஸ்எஸ்டி, கார்டு அப்படியே இருக்கட்டும். பிராசசர், மதர்போர்டு, ராம், மூணும் மாறணும்." "இன்னும் எத்தனை மாசம் சேர்க்கணும் சார்?"னு கேட்டார். எனக்குப் பதில் வரலை. அந்தக் கேள்வியை இன்னொருத்தர் கேட்கக் கூடாதுன்னுதான் இந்த வாரம் இந்த மேட்டர்.

அடுத்த வாரம்: எஸ்எம்பிஎஸ்-ல மிச்சம் பிடிச்சா என்ன ஆகும்? வரட்டா!