கனவில் விடுபட்ட ஒரு எண்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். டாக்சி நம்பர், ஹார்டி, ஆஸ்பத்திரி... போதும் மக்களே! இன்னொரு எண்ணுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

67,46,32,83,88,800. அதாவது சுமார் 6 லட்சத்து 74 ஆயிரம் கோடி. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையாது. சின்ன அளவில் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு தேறாது. பழக்கடையில் டஜன் கணக்கு சௌகரியமாக இருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதி, ஒரு பட்டியலும் கொடுத்தார். அதன் கடைசி எண்தான் மேலே இருப்பது.

அந்தப் பட்டியலில் ஒரு எண் விடுபட்டுவிட்டது. 2,93,31,86,25,600. இதற்கு 5,040 வகுஎண்கள். வேடிக்கை என்னவென்றால், பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதே எண்தான்!

நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார், இவர் எழுதிக்கொண்டார் என்று கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவருடைய பக்தியில் யாரும் கைவைக்க வேண்டாம். ஆனால் கனவில் வந்த பட்டியலில் நடுவில் ஒன்று ஏன் குறைய வேண்டும்? ஒரு மனிதன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெருக்கி, சரிபார்த்து எழுதும்போதுதான் ஒரு வரி தவறும். லெட்ஜர் எழுதியவர்களுக்கு இது தெரியும்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக்காரர்களாவது கனவுக் கதையை அப்படியே விழுங்கக் கூடாது. சுந்தரர் வழக்கில் சிவபெருமானே மூல ஓலையைக் காட்டித்தானே ஜெயிக்க வேண்டியிருந்தது! ராமானுஜனும் 1910-ல் பக்கத்துத் திருக்கோவிலூருக்கு ஓலையோடுதான் வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். காலேஜ் பரீட்சையில் தோற்று குமாஸ்தா வேலை கேட்டு வந்த பையன், கனவைச் சொல்லவில்லை, நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். அதைப் பார்த்த ஐயர், தாலுகா ஆபீஸ் வேலையில் இந்தத் திறமையைப் புதைக்க மனமில்லாமல், சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். (வேலை கொடுத்திருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.)

"அது தெய்வ வரம், நமக்கெல்லாம் வராது" என்று நோட்டை மூடிவைக்கும் பையன்கள் வகுப்புக்கு நாலு பேர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது 1729 அல்ல, இந்த விடுபட்ட எண்தான்.

பெருக்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. காமர்ஸ் மாணவர்கள் வைத்திருக்கும் 12 இலக்க கால்குலேட்டரில் இது கொள்ளாது. 23-ஐ விட்டுவிட்டால் விடுபட்ட எண் வரும், அது கச்சிதமாகக் கொள்ளும் :-)